மலைச்சரிவில் முகாம்: பொட் வைப்பதா, யூர்ட் வைப்பதா?

இலங்கையின் மலையகத்தில் சொந்தமாகக் கொஞ்சம் காணி வைத்திருப்பவர்களில் பலர் இப்போது சுற்றுலா முகாம் அமைக்கும் யோசனையில் இருக்கிறார்கள். எல்ல, அப்புத்தளை, நுவரெலியா, நல்லதண்ணி என்று பயணிகள் வந்துபோகும் வழிகளில் இருபது, முப்பது பேர்ச் காணி இருந்தால் போதும். ஹோட்டல் கட்டும் அளவுக்குப் பணம் இல்லாத குடும்பமும் இரண்டு மூன்று குடில்களோடு தொழிலைத் தொடங்கிவிடலாம். கட்டில், மின்சாரம், வெந்நீர் முதலான வசதிகளோடு கூடாரத்தில் தங்கவைக்கும் இந்த முறைக்குக் கிளாம்பிங் என்று பெயர். இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, மரத்தாலான பொட் நல்லதா, வட்டக் கூடாரமான யூர்ட் நல்லதா என்பதுதான். உறவினர்களோடு சேர்ந்து பதுளை மாவட்டத்தில் ஒரு சிறு முகாமை அமைத்து, இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், எந்த ஒழுங்கில் யோசித்தால் பணமும் காணியும் வீணாகாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பொட் என்பது பிரித்தானிய முகாம்களில் பரவலாகக் காணப்படும் சிறிய மர அறை. மரச்சட்டங்களை வளைவாகவோ முக்கோணமாகவோ நிறுத்தி, உள்ளும் புறமும் பலகை அடித்து, நடுவில் வெப்பக்காப்பு அடைத்து, மேலே தகரம் போட்டு, முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைப்பார்கள். பெரும்பாலும் 2.4 முதல் 3 மீற்றர் வரை அகலமும் 5, 6 மீற்றர் நீளமும் இருக்கும். யூர்ட் மத்திய ஆசியாவின் மேய்ச்சல்காரர்களுடைய வீடு. மொங்கோலியர் அதைக் கெர் என்கிறார்கள். அதைக் கட்டும் கைவினை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிர்கிஸ்தான் நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பதும் யூர்ட்டின் உச்சி வளையம்தான். பின்னிய மரச்சட்டங்கள் சுவராகவும், உச்சி வளையத்தில் செருகிய கழிகள் கூரையாகவும் நிற்க, அவற்றின் மேல் ஆட்டு உரோமத்தால் செய்த தடித்த கம்பளம் போர்த்தப்படும். இன்று விற்பனைக்கு வருபவற்றில் கம்பளத்தின் மேல் கன்வஸ் அல்லது பீ.வி.சி. பூசிய துணி இருக்கும்.

இரண்டும் பிறந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மொங்கோலியத் தலைநகரான உலான்பாத்தரில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை 300 மில்லிமீற்றருக்கும் குறைவு. நமது வட்டவளைப் பக்கத்தில் அது 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும்.

முதலில் காணி

எந்தக் குடில் என்று யோசிக்கும் முன், அந்தக் காணியில் எதையாவது வைக்க முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டக் காணிகள் பெரும்பாலும் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுக்குச் சொந்தமானவை. 1992 முதல் அவற்றைக் கம்பனிகள் நிர்வகித்து வருகின்றன. தாத்தா காலத்திலிருந்து நாம் மரக்கறி போட்டு வந்த துண்டாக இருந்தாலும், காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ கையில் இல்லாவிட்டால் அங்கே ஒரு தூண்கூட நட வேண்டாம். பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் விசாரித்துவிட்டு, அதன் பின்னர் பிரதேச சபைக்குப் போங்கள். "தற்காலிகக் கூடாரம்தானே, இதற்கு எதற்கு அனுமதி" என்று யூர்ட் வைக்கிறவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அதன் தளம், கழிவறை, மலக்குழி, மின் இணைப்பு ஆகிய எதுவும் தற்காலிகம் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்வதைப் பற்றியும் இதே கட்டத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவு பற்றிய மதிப்பீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுவதும் சரிந்த சரிவுகளின் தழும்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. நமது காணிக்கு வந்து தங்குகிறவர் அந்த மலையை அறியாதவர். எங்கே ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அந்த இடத்துக்கான மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே நீங்களாகப் பார்க்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு: நிலத்தில் வளைவாக ஓடும் வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கலாக வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தில் பொட்டும் வேண்டாம், யூர்ட்டும் வேண்டாம்.

சரிவை அளப்பது

நம்மூரில் சமதரை கிடைப்பது அரிது. ஆகவே, குடிலைத் தெரிவு செய்வதில் பாதி வேலையைச் சரிவே செய்துவிடும். மூன்று மீற்றர் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்துத் தரையில் வைத்து, மட்டப்பலகையால் சட்டத்தை மட்டமாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றர் வந்தால் அது ஏறத்தாழ 15 பாகைச் சரிவு. பார்வைக்கு மென்மையான சரிவாகத்தான் தோன்றும்.

அந்தச் சரிவில் 6 மீற்றர் விட்டமுள்ள யூர்ட் ஒன்றுக்குத் தளம் போட்டால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 1.6 மீற்றர் வித்தியாசம் வரும். ஒன்று, மலையை அந்த அளவுக்கு வெட்டி அணைச்சுவர் கட்ட வேண்டும். அல்லது, கீழ்ப் பக்கத்துத் தூண்களை ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு எழுப்ப வேண்டும். வட்டத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் இந்த அளவு குறையாது. பொட் நீள்சதுரமானது. 2.4 மீற்றர் அகலமுள்ள பொட் ஒன்றை, தேயிலை நிரைகளைப் போலச் சரிவுக்குக் குறுக்காக வைத்தால் வித்தியாசம் 65 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். மண்ணை ஏறக்குறைய தொடாமலே, எட்டுச் சிறு கொங்கிரீட் தூண்களின் மேல் அதை நிறுத்திவிடலாம். அதே பொட்டை, காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடி முகத்தைப் பள்ளத்தாக்கை நோக்கி நீளவாட்டில் திருப்பினால் இந்த நன்மை முழுவதும் போய்விடும். கண்ணாடியை நீளப் பக்கத்துச் சுவரில் வைக்கும்படி தச்சரிடம் சொன்னால் காட்சியும் கிடைக்கும், மண்ணும் பிழைக்கும்.

தளத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவர், தோட்டத்தில் நாற்பது வருடம் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டிய ஒரு பெரியவர். எங்கள் முதல் தளத்துக்கு மேலே நான் கயிறு பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மண்வெட்டியின் காம்பில் கையை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கான இங்க முடிச்சா தண்ணி எங்க போவும்? கீழ இருக்கிற வீட்டு அடுப்படிக்குத்தான் போவும்" என்றார். நான் என் தளத்தை மட்டுமே பார்த்திருந்தேன். அன்று கயிற்றை அவிழ்த்து, பழைய தோட்டக் கானோடு சேரும்வரை இன்னும் முப்பது அடி நீட்டினோம். தளத்துக்கு மேலே வெட்டும் கான் மெல்லிய சாய்வோடு பக்கவாட்டில் ஓடி, ஏற்கெனவே தண்ணீர் போகும் கல் ஓடையில் முடிய வேண்டும். வெற்றுச் சரிவில் கொண்டுபோய் விடுவது, நாமே ஒரு மண்சரிவைத் தொடங்கி வைப்பதற்குச் சமம்.

உங்கள் மலை எந்த மழைக்கு முகம் கொடுக்கிறது

ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனை முதலிய மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களுக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரு பக்கத்துக்கும் பிற்பகல் இடிமழை. மழை நின்ற நாட்களிலும் மூடுபனி இறங்கிவிடும். துணியைக் கெடுப்பதில் மழையைவிட இந்தப் பனிக்கே பங்கு அதிகம். மழை வழிந்து போய்விடும், பனி உள்ளே புகுந்து தங்கிவிடும்.

எங்கள் யூர்ட்டில் இதைக் கண்ணால் கண்டோம். ஆவணியில் எழுப்பியபோது அது அத்தனை அழகாக இருந்தது. கார்த்திகையில் ஒரு காலை, பின்னிய சட்டத்துக்கும் கம்பளத்துக்கும் இடையில் கையை நுழைத்தேன். கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆனால் உள்ளங்கை நனைந்து வந்தது. மூன்று வாரத்தில், சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் கடுகு தூவியதுபோலக் கறுப்புப் பூஞ்சணம். மெத்தையைத் தூக்கினால் நனைந்த சாக்கின் வாடை. அந்த வாரம் தங்கிய ஒரு குடும்பத்தின் சிறுமிக்கு இழுப்பு நோய் இருந்தது. இரவு முழுவதும் இருமினாள். தாய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அது போதாது என்று இன்றும் நினைக்கிறேன். விற்றவர்கள் தண்ணீர் புகாது என்று சொன்னது பொய் இல்லை. தண்ணீர் புகாத துணிக்குள் ஈரம் எப்படி வரும் என்பதை நாங்கள் கேட்கவில்லை. உறங்கும் இரண்டு பேரின் மூச்சிலும் உடலிலும் இருந்து ஓர் இரவில் அரை லீற்றர் அளவுக்கு நீராவி வெளியேறும். குளிர்ந்த துணியில் பட்டதும் அது தண்ணீராகிவிடும். வறண்ட புல்வெளியில் கம்பளம் அதைக் குடித்துப் பகலில் உலர்ந்துகொள்ளும். நமது பனியில் அது உலர்வதே இல்லை.

ஆகவே என் முடிவு இது. மேற்குச் சரிவிலும், நுவரெலியா, நானுஓயா போன்ற குளிர்ந்த உயரங்களிலும் வருடம் முழுவதும் நிற்கக்கூடிய யூர்ட்டை வைக்காதீர்கள், பொட்டே வையுங்கள். கிழக்குச் சரிவில் யூர்ட்டுக்கு இடம் உண்டு, ஆனால் மேய்ச்சல்காரர்கள் வைப்பதைப் போல, பருவத்துக்கு எழுப்பிப் பருவம் முடிந்ததும் பிரிக்கும் பொருளாக வையுங்கள். எங்கள் யூர்ட்டை இப்போது மார்ச் மாதத்தில் எழுப்பி, செப்டெம்பர் முடிவில் பிரித்து, துணியையும் கம்பளத்தையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் உலர்த்தி, எலி புகாத தகரப் பெட்டிக்குள் வைக்கிறோம். நான்கு பேருக்கு ஒரு நாள் வேலை. புதிதாக வாங்குகிறவர்கள் உரோமக் கம்பளத்துக்குப் பதிலாகச் செயற்கை வெப்பக்காப்பு உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. தரைப்பலகைக்கு அடியில் காற்று நடமாட வேண்டும், உச்சி வளையமும் திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும்.

பொட்டிலும் ஈரம் வரும். கதவுக்கு எதிர்ப்புறத்தில் தாழ்வாக ஒன்றும் கூரை உச்சியில் ஒன்றுமாக, எப்போதும் மூடாத காற்றுத் துவாரங்கள் இரண்டு இருந்தாக வேண்டும். இணையத்துப் படங்களில் பார்க்கும் உருண்டை வடிவப் பொட்டுக்குத் தாழ்வாரம் கிடையாது. கூரையில் வழியும் மழை நேராகப் பலகையின் முனைகளில் இறங்கும். நமது பழைய லயங்களுக்கும் பங்களாக்களுக்கும் தாழ்வாரம் நீட்டி விட்டதற்குக் காரணம் இருக்கிறது. முக்கோண வடிவத்தில், சுற்றிலும் இரண்டு அடி தாழ்வாரம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். பைனஸ் பலகை மலிவாகக் கிடைத்தாலும் பூச்சி மருந்து ஏற்றாமல் பயன்படுத்தக் கூடாது. மரத்தூண் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. கறையான் அந்த வழியாகத்தான் ஏறும்.

காற்று

ஊவாப் பக்கத்துக்கு ஜூன் முதல் வீசும் கச்சான் காற்றை அப்புத்தளைக் கணவாயில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று, எதிரே நிற்கும் பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 48 கிலோ எடை தள்ளுவதுபோல அழுத்தும். வட்ட வடிவம் காற்றை வழுக்கிவிடும் என்பது யூர்ட்டின் உண்மையான பலம். ஆனால் அது எடை குறைந்தது. தள்ளுவதைவிடக் காற்று அதைத் தூக்கவே பார்க்கும். சுவர்ச்சட்டத்தின் மேல் விளிம்பைச் சுற்றி ஓடும் இரும்புக் கம்பியும், தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளும் இல்லாத யூர்ட்டை முகட்டில் வைக்க வேண்டாம். பொட்டைப் பொறுத்தவரை, தூண்களின் கொங்கிரீட்டுக்குள்ளேயே இரும்புப் பட்டியைப் புதைத்து அதில் சட்டத்தைப் பூட்டுங்கள். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் இரண்டையுமே வைக்காதீர்கள். கிளை முறிந்து விழும். குளவிக் கூடும் இருக்கக்கூடும்.

அதே வறண்ட மாதங்களில் மானாப்புல் தீப்பற்றும். காணியின் எல்லையில் ஆறு மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வையுங்கள். யூர்ட்டின் நடுவில் விறகடுப்பு வைத்திருக்கும் படத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குளிர் தாங்காமல் விருந்தினர் கரியடுப்பை உள்ளே எடுத்துப்போய்க் கதவை மூடிக்கொண்டால், கார்பன் மொனொக்சைட்டு வாசனை இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அடைப்பான பொட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வந்தவுடன் வாயால் சொல்லுங்கள், சுவரிலும் எழுதி வையுங்கள், மேலதிகக் கம்பளி இரண்டைக் கட்டிலிலேயே வைத்துவிடுங்கள்.

பாதையும் விருந்தினரும்

யூர்ட் வெல்லும் இடம் ஒன்று உண்டு. லொறி வராத காணிக்கு, கட்டுக்கட்டாகப் பிரித்த யூர்ட்டைக் கொழுந்துப் பாதையிலேயே தோளில் சுமந்து கொண்டுபோய்விடலாம். செய்துமுடித்த பொட்டோ தொன் கணக்கில் எடையுள்ளது. தோட்டப் பாதையின் வளைவில் அது திரும்பாது. அப்படிப்பட்ட காணிக்குப் பொட் வேண்டுமானால், பலகையையும் சட்டத்தையும் ஏற்றி வந்து அங்கேயே அடிக்கக்கூடிய தச்சு பாஸ் ஒருவரைத் தேடுங்கள். என் அனுபவத்தில் இதுவே மலிவாகவும் முடிகிறது, பிறகு பழுது பார்ப்பதற்கும் அவரே வருவார்.

யார் வருவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டவர் பெரும்பாலும் இருவராக வருவார்கள். 12 சதுர மீற்றர் பொட் அவர்களுக்குப் போதும். சித்திரை விடுமுறையிலும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்திலும் நம்மவர்கள் வான் வண்டியில் பத்துப் பன்னிரண்டு பேராக, பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, சோற்றுப் பானையோடு வருவார்கள். அவர்களைத் தனித்தனிப் பொட்டுகளில் பிரித்துப் போட்டால் அவர்களுக்குப் பிடிக்காது. 28 சதுர மீற்றர் பரப்புள்ள 6 மீற்றர் யூர்ட்டில் எல்லாரும் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கிழக்குச் சரிவில் மூன்று பொட்டும் ஒரு பருவகால யூர்ட்டும் என்ற கலவையை நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பாட்டி நடுஇரவில், மழையில், அட்டை கடிக்கக் கழிவறைக்கு நடக்கக் கூடாது. பொட்டின் ஒரு மூலையில் கழிவறையைத் தடுத்துவிடலாம். யூர்ட்டின் வட்டத்துக்குள் அது சரியாக அமையாது. கதவை ஒட்டிக் கூரையிட்ட நடையும் தனிக் கழிவறையும் கட்ட வேண்டும். அந்தச் செலவை யூர்ட்டின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். மலக்குழியின் ஊறல் குழியைக் குடிலுக்கு மேல் பக்கத்திலோ, கீழே இருப்பவர்கள் குடிக்கும் ஊற்றுக்கு அருகிலோ வெட்டாதீர்கள்.

செலவும் வேலை ஒழுங்கும்

விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டால் யூர்ட் மலிவாகத் தோன்றும். ஒரு கொப்பியில் தளம், கான், கழிவறை, ஏற்றுக்கூலி, மின் வேலை, துணி மாற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, மொத்தத்தை அது நிற்கப்போகும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். துணிக்கு விற்பனையாளர் சொல்லும் ஆயுளில் பாதியையே நான் கணக்கில் எடுப்பேன். மின் வேலையை அங்கீகாரம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு குடிலுக்கும், மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

மண் வேலையை மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், கிழக்குச் சரிவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலும் முடித்துவிட வேண்டும். முதலில் கான், அடுத்துத் தளம், பிறகு கழிவறை, கடைசியில் குடில். கான் வெட்டியதும், பெருமழை பெய்யும் ஒரு பிற்பகலில் குடையோடு போய்த் தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று நின்று பாருங்கள்.

குடில் நின்றதும் ஒரு மழைமானி வாங்கித் திறந்தவெளியில் நட்டு, தினமும் காலையில் அளவை எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் விருந்தினரின் பைகளைக் கட்டிவைக்கச் சொல்ல வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, நள்ளிரவானாலும் அவர்களை எழுப்பி, முன்கூட்டியே பார்த்து வைத்த பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் இவை. முதற்குடில் ஒரு முழு மழைக்காலத்தைக் கண்டு, மெத்தையின் அடிப்பக்கமும் பலகையின் மூட்டுகளும் உலர்ந்திருப்பதை நீங்கள் கையால் தொட்டுப் பார்க்கும்வரை, இரண்டாவது குடிலுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.